புதுக்குடியிருப்பிலிருந்து கொழும்புக்கு அம்மாவை எதில் கூட்டிப்போவது?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 68 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்து வீங்கியிருக்கிறது. மகரகமவில் ஒரு வைத்திய நிபுணரைக் காலை பத்து மணிக்குச் சந்திக்க வேண்டும். அம்மா, அக்கா, அவர் என்று மூன்று பேர் போகிறார்கள். வெள்ளவத்தையில் சித்தி வீடு இருக்கிறது, நாலைந்து நாள் தங்கலாம். கோச்சியா (புகையிரதமா), இரவு பஸ்ஸா, பலாலிக்குப் போய்ப் பிளேன் ஏறுவதா? பிளேன் ஒரு மணித்தியாலம்தான் என்கிறார்களே, காசைப் பார்க்காமல் அதிலேயே போய்விடலாமா? இதுதான் கேள்வி.

தம்பி, என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவரைச் சந்திப்பதற்கு முதல் நாள் பகல் கோச்சியில், கிளிநொச்சியில் ஏறிப் போங்கள். பதிவு செய்த இருக்கையில் போங்கள். இரவு பஸ்ஸில் போய் விடிய இறங்கி, அப்படியே பத்து மணிக்கு மருத்துவரிடம் போகிற திட்டத்தை அம்மாவுக்காகக் கைவிடுங்கள். பிளேன் உங்களுக்கு வேண்டாம். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் மட்டுமல்ல, வன்னியில் பல வீடுகளில் இதே குழப்பம் இருக்கிறது.

எதில் போவது என்று யோசிக்கிறவர்கள் பெரும்பாலும் பயணத்தின் நடுப்பகுதியை மட்டும்தான் கணக்கில் எடுக்கிறார்கள். கோச்சி ஆறரை மணித்தியாலம், பஸ் எட்டு மணித்தியாலம், பிளேன் ஒன்றேகால் மணித்தியாலம் என்று மூன்று இலக்கத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருப்பவருக்கு அது ஓரளவு சரி. அவருக்கு ஸ்ரேசன் பக்கத்தில், பஸ் நிலையம் பக்கத்தில். நாங்கள் இருப்பது அப்படியான இடத்திலா? வன்னியில் ஒருவர் வீட்டுப் படலையைத் திறந்து கோச்சி மேடைக்குப் போய்ச் சேருவதற்கே ஒரு பயணம் செய்ய வேண்டும். கொழும்பில் இறங்கினால் போக வேண்டிய கதவு வரைக்கும் இன்னொரு பயணம். வயதானவர் களைத்துப்போவது இந்த இரண்டு முனையிலும்தான். காசு கரைவதும் அங்கேதான். அதனால் எதைத் தெரிவு செய்தாலும் முதலில் இந்த இரண்டு முனைகளையும் எழுதிப் பாருங்கள். நடுப்பகுதி அதற்குப் பிறகு.

பிளேனிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் உங்கள் மனத்தை இழுக்கிறது. இங்கிருந்து உள்நாட்டு விமானம் என்றால் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் போவது. இரணைமடுவில் ஓடுபாதை இருக்கிறது, வவுனியாவிலும் இருக்கிறது, ஆனால் இரண்டும் விமானப்படையின் கையில். பொதுமக்கள் ஏறக்கூடிய இடம் வடக்கில் பலாலி ஒன்றுதான். புதுக்குடியிருப்பிலிருந்து பலாலி சுமார் நூறு கிலோமீற்றர். தெற்கே போக வேண்டிய நீங்கள் பரந்தன், ஆனையிறவு, கொடிகாமம் என்று வடக்கே போகிறீர்கள். வான் பிடித்தாலும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். புறப்படுவதற்குக் குறைந்தது ஒரு மணித்தியாலம் முன்னதாக நிற்க வேண்டும். பிறகு பறப்பது ஒன்றேகால் மணித்தியாலம். ஒரு விடயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும்: இரத்மலானை உங்களுக்கு நல்ல இடம். வெள்ளவத்தைக்கும் பக்கம், மகரகமவுக்கும் பக்கம். கூட்டிப் பார்த்தால் வீட்டிலிருந்து சித்தி வீடு வரை ஐந்து, ஐந்தரை மணித்தியாலம் வரும். கோச்சியில் அதே தூரம் ஒன்பது மணித்தியாலம் வரை ஆகும். ஆக, மூன்று நான்கு மணித்தியாலம் மிச்சம் என்பது பொய்யல்ல.

ஆனால் அந்த மிச்சத்துக்கு என்ன விலை என்று பாருங்கள். மூன்று பேருக்கும் விமான ரிக்கெற், பலாலி வரை வான் கூலி. இந்த வழித்தடத்தில் ஓடியவை பெரும்பாலும் சிறிய விமானங்கள். ஏறுவதற்கு ஒடுங்கிய செங்குத்தான படி, குனிந்துகொண்டுதான் உள்ளே போக வேண்டும், இருக்கைக்கு முன்னால் காலை நீட்ட இடம் குறைவு. முழங்கால் வீங்கியவருக்கு அந்த நாலைந்து படிகள் பெரிய வேலை. கொண்டு போகும் பொதியின் நிறையும் கட்டுப்பாடு. நாலைந்து நாள் தங்கப் போகிறவர்கள், சித்திக்கு அரிசிமா, மோர்மிளகாய், தேங்காய் என்று கட்டாமல் போவீர்களா? சேவையும் எல்லா நாளும் ஒரே மாதிரி ஓடாது. ஆட்கள் குறைந்தால், காலநிலை மோசமானால் நாள் மாறும். மருத்துவரின் நாள் மாறாது.

அப்படியென்றால் பிளேன் யாருக்கு? பலாலிக்கு அரை மணித்தியாலத்தில் போகக்கூடிய வலிகாமத்து ஆட்களுக்கு, காலை போய் மாலை திரும்பவேண்டிய அலுவல் உள்ளவர்களுக்கு. நீண்ட நேரம் இருக்கவே கூடாது என்று மருத்துவர் சொன்ன ஒருவருக்கும் அது பொருந்தலாம். அந்த நிலையில் ரிக்கெற் வாங்குவதற்கு முன்னாலேயே விமானக்காரரிடம் நோயாளியின் நிலையைச் சொல்லி, மருத்துவரின் கடிதம் தேவையா என்று கேட்டுவிட வேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது உள்நாட்டுப் பயணமல்ல என்றாலும். சென்னைக்குப் போகிற வன்னி ஆட்கள் இன்னும் பழக்கத்தில் கட்டுநாயக்காவுக்கு இரவு முழுக்கப் பயணம் செய்கிறார்கள். பலாலி 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாவோடு நின்ற சென்னை விமானம் 2022 டிசம்பரில் திரும்பவும் தொடங்கியது. சென்னை என்றால் பலாலியை முதலில் பாருங்கள். கொழும்பு என்றால் அதே பலாலி உங்களுக்குச் சுற்றுவழி.

இனி கோச்சி. கிளிநொச்சி, முல்லைத்தீவில் நாற்பது வயதுக்குக் கிட்டியவர்களிடம் கொழும்புக்கு எப்படிப் போவீர்கள் என்று கேட்டால் யோசிக்காமல் பஸ் என்பார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. யாழ்தேவி 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய வண்டி. எங்கள் தாய் தகப்பன் காலத்தில் கொழும்பு என்றாலே கோச்சிதான். 1990 ஜூனோடு அது நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போயின. பாதை இருந்த இடத்தில் காடு மூடியது. போர் முடிந்த பிறகு இந்தியாவின் இர்கொன் நிறுவனம் புதிதாகப் போட்ட பாதையில், 2013 செப்ரெம்பரில்தான் கிளிநொச்சிக்குக் கோச்சி திரும்பி வந்தது. 2014 மார்ச்சில் பளை, ஒக்ரோபரில் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை. கிளிநொச்சியில் 23 வருடம் ஒரு கோச்சியும் இல்லை. அந்த இடைவெளியில் ஒரு தலைமுறையே பிறந்து வளர்ந்துவிட்டது. அவர்களுக்குத் தெரிந்த வழி ஏ-9 வீதி ஒன்றுதான், அதுவும் 2002இல் திறந்து, 2006 ஓகஸ்டில் பூட்டி, பாஸ் எடுத்து, ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இறங்கி ஏறிப் போன வீதி. கோச்சியில் இருக்கை எப்படிப் பதிவது, எந்த வகுப்பு எப்படியிருக்கும் என்று வீட்டில் சொல்லித் தர ஆள் இல்லாமல் போய்விட்டது. எங்கள் சனங்கள் பஸ்ஸைத் தெரிவு செய்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. வேறொன்றைப் பழக அவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் இதை இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன்.

புதிதாகப் போட்டதால் ஓமந்தைக்கு வடக்கே பாதை நல்ல பாதை. மாகோவிலிருந்து ஓமந்தை வரையான பழைய பாதையும் இரண்டு கட்டமாகத் திருத்தப்பட்டது. அநுராதபுரம் - வவுனியாப் பகுதியை 2023இல் பூட்டித் திருத்தினார்கள். மாகோ - அநுராதபுரம் பகுதியை 2024இல் திருத்தி, அந்த வருடம் ஒக்ரோபர் கடைசியில் திறந்தார்கள். அந்த வேலை நடந்த காலத்தில் அலைந்தவர்கள் இன்னும் "கோச்சியை நம்பேலாது" என்று சொல்வார்கள். அவர்கள் பட்ட பாடு உண்மை, ஆனால் அது அந்தக் காலத்துக் கதை.

அம்மாவுக்குக் கோச்சி ஏன் நல்லது என்பதற்கு என்னிடம் உள்ள முதல் காரணம் கழிவறை. இதைப் பலர் வெட்கத்தில் பேசுவதில்லை. பஸ்ஸில் கழிவறை கிடையாது. இரவில் ஒன்றோ இரண்டோ இடத்தில், ஒரு ஹோட்டல் வாசலில் பதினைந்து இருபது நிமிடம் நிற்பாட்டுவார்கள். அங்கே வரிசை, வழுக்கும் நிலம், பெரும்பாலும் குந்தி இருக்கிற கழிவறை. முழங்கால் மடிக்க ஏலாத ஒரு தாய்க்கு அது எவ்வளவு வேதனை! அதற்குப் பயந்து பின்னேரத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் பஸ் ஏறுகிற அம்மாமார் எங்கள் ஊரில் ஏராளம். நீரிழிவும் பிரஷரும் உள்ளவர்கள் அப்படிச் செய்வது ஆபத்து. கோச்சியில் கழிவறை பெட்டியிலேயே இருக்கிறது, யாரையும் கெஞ்சி நிற்பாட்டத் தேவையில்லை. எல்லாப் பெட்டியிலும் நாற்காலி மாதிரி இருக்கிற கழிவறை இராது. ரிக்கெற் பதியும்போதே அதைக் கேளுங்கள்.

இரண்டாவது, நடக்கலாம். ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் அம்மாவை எழுப்பி, பெட்டியின் நீளத்துக்கு மெல்ல நடத்திக் கொண்டு வாருங்கள். கோச்சி ஆடும், அதனால் ஒருவர் முன்னுக்கும் ஒருவர் பின்னுக்கும் நில்லுங்கள். முழங்கால் வீங்கியவர் எட்டு மணித்தியாலம் ஒரே மடிப்பில் காலை வைத்திருந்தால் இறங்கும்போது கால் ஊன்ற முடியாது. கணுக்காலும் சேர்ந்து வீங்கிவிடும்.

இருக்கைப் பதிவு பற்றி. நெடுந்தூர வண்டிகளில் முதலாம், இரண்டாம், மூன்றாம் வகுப்புகளுக்கு முன்பதிவு உண்டு. எந்த வண்டியில் எந்த வகுப்பு என்பது மாறும். பதிவு ஒரு மாதத்துக்கு முன்பே திறக்கிறது. ஸ்ரேசனிலும் பதியலாம், புகையிரதத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் பதியலாம். அடையாள அட்டை இலக்கம் கேட்பார்கள், பயணத்தின்போது அதே அட்டை கையில் இருக்க வேண்டும். மூன்று பேருடைய இலக்கத்தையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், அக்காவுடைய அட்டைக்காக வீட்டுக்குத் திரும்பி வரவேண்டாம். நல்லூர்த் திருவிழா, மடுவின் ஆவணித் திருவிழா, நத்தார், சித்திரை வருடப்பிறப்பு, மூன்று நாள் சேர்ந்து வரும் விடுமுறை, இந்த நாட்களில் பதிவு திறந்த உடனேயே இருக்கைகள் போய்விடும். அம்மாவின் திகதி அப்படியொரு நாளை ஒட்டி வந்தால் இன்றே பாருங்கள்.

பதியாத மூன்றாம் வகுப்பில் அம்மாவைக் கூட்டிப் போகாதீர்கள். இதை உறுதியாகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஏறியவர்கள் கிளிநொச்சிக்கு வரும்போதே இருந்துவிடுவார்கள். அநுராதபுரத்தில் இன்னும் ஏறுவார்கள். வழியில் நிற்பவர்களைத் தாண்டிக் கழிவறைக்குப் போகவே ஏலாது, அப்படியானால் கோச்சியில் போகிற பயனே இல்லை. முதலாம் வகுப்புக் குளிர்ப் பெட்டி வசதியானது, ஆனால் அங்கே சிலவேளை குளிர் கடுமையாக இருக்கும், மூட்டு வலிக்காரருக்கு அது ஆகாது. ஒரு போர்வையும் காலுறையும் கையில் வைத்திருங்கள். பதிவு செய்த இரண்டாம் வகுப்பு பெரும்பாலானவர்களுக்குப் போதும். வீட்டில் ஆசிரியரோ வேறு அரச ஊழியரோ இருந்தால் அவருடைய புகையிரத வாரண்டை மறக்காதீர்கள். யாருக்கெல்லாம் செல்லும், எவ்வளவு மேலதிகமாகக் கட்ட வேண்டும் என்பதை ஸ்ரேசன் மாஸ்ரரிடம் கேட்டால் சொல்வார். வருடா வருடம் பல வீடுகளில் அது பாவிக்காமலே காலாவதியாகிறது.

எந்த ஸ்ரேசனில் ஏறுவது? புதுக்குடியிருப்பிலிருந்து இரண்டு வழி. விசுவமடு, தருமபுரம், பரந்தன் வழியாகக் கிளிநொச்சி, நாற்பது கிலோமீற்றர் அளவில். இல்லாவிட்டால் ஒட்டுசுட்டான் போய் ஏ-34 பிடித்து மாங்குளம். மாங்குளம் தெற்கே இருப்பதால் மனத்துக்கு அது கிட்ட மாதிரித் தோன்றும். ஆனால் எல்லாக் கடுகதி வண்டிகளும் மாங்குளத்தில் நிற்பதில்லை. கிளிநொச்சியில்தான் கூடுதலான வண்டிகள் நிற்கும். காத்திருக்க இடமும், பக்கத்தில் கடையும், ஏதும் பிசகினால் உடனே பஸ் பிடிக்க ஏ-9 வீதியும் கிளிநொச்சியில் கிட்டக் கிட்ட இருக்கின்றன. அம்மாவோடு போவதற்குக் கிளிநொச்சிதான். தனியே போகிற இளம் பிள்ளைகள் என்றால் மாங்குளத்தையும் பார்க்கலாம். முல்லைத்தீவுப் பட்டினம், தண்ணீரூற்று, முள்ளியவளைப் பக்கத்தவர்களுக்கு மாங்குளம் ஐம்பது கிலோமீற்றருக்குள், அவர்கள் நிற்கும் வண்டியின் நேரத்தைக் கேட்டுக்கொண்டு அங்கே ஏறுவது சுகம். நெடுங்கேணிப் பக்கத்தவர்கள் வவுனியாவுக்குப் போங்கள். வவுனியாவில் புதிய பஸ் நிலையமும் புகையிரத நிலையமும் ஒரே இடத்தில் இல்லை, இடையில் ஓட்டோ பிடிக்க நேரம் விட்டுப் புறப்பட வேண்டும். மன்னார் ஆட்களுக்குத் தலைமன்னார்ப் பாதை 2015 மார்ச்சில் திரும்பவும் திறந்தது, மதவாச்சியில் வந்து சேரும். அதில் சேவைகள் குறைவு, நேரம் பொருந்தினால் போகலாம்.

வீட்டிலிருந்து கிளிநொச்சி வரைக்கும் ஊர் பஸ்ஸில் போக வேண்டாம். அந்தத் துண்டுக்குக் காரோ ஓட்டோவோ பிடியுங்கள். முழுப் பயணத்திலும் காசை ஓரிடத்தில் மட்டும் தாராளமாகச் செலவழிக்கலாம் என்றால் நான் இங்கேதான் செலவழிக்கச் சொல்வேன். விடிய நெரிசல் பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்று வந்தவருக்கு முதலாம் வகுப்பு இருக்கை கொடுத்தும் பயனில்லை. வற்றாப்பளைப் பொங்கல் நாட்களில் இந்த வீதிகளில் சனம் அதிகம், அப்போது இன்னும் முன்னதாகப் புறப்படுங்கள்.

கொழும்பு முனையில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் பலர் இறங்கிய பிறகுதான் காண்கிறார்கள். கோட்டை ஸ்ரேசனில் பல மேடைகள். உங்கள் வண்டி எந்த மேடையில் நிற்கிறதோ அதைப் பொறுத்து மேம்பாலப் படி ஏறி இறங்கித்தான் வெளியே வர வேண்டும். அம்மாவுக்கு முழுப் பயணத்திலும் மிகக் கடினமான இடம் அதுதான். சில வண்டிகள் கோட்டையோடு நிற்காமல் கல்கிசை வரை போகின்றன. அப்படியொரு வண்டி கிடைத்து அது வெள்ளவத்தையில் நிற்கும் என்றால், நேரம் கொஞ்சம் வசதிக்குறைவாக இருந்தாலும் அதையே எடுங்கள். சித்தி வீட்டுக்கு அங்கிருந்து ஓட்டோவில் சில நிமிடம். கோட்டையில்தான் இறங்க வேண்டும் என்றால் அவசரப்பட்டுக் கூட்டத்தோடு ஓடாதீர்கள். பெட்டி காலியாகட்டும், மேடை வெறுமையாகட்டும், பிறகு மெல்ல இறக்குங்கள். சக்கர நாற்காலி கிடைக்குமா என்று முன்னதாகவே ஸ்ரேசனில் கேட்டு வையுங்கள். அடுத்த நாள் மகரகமவுக்கு வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோவோ காரோ. 138 இலக்க பஸ் கோட்டையிலிருந்து மகரகமவுக்குப் போகிறது, ஆனால் காலை நேரத்தில் அதில் அம்மாவை ஏற்றுவது சரிவராது. காலைப் போக்குவரத்து நெரிசலுக்காக ஒரு மணித்தியாலம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸைப் பற்றி நான் குறைவாக நினைக்கிறேன் என்று எண்ண வேண்டாம். பஸ் இல்லாவிட்டால் வன்னி இல்லை. கோச்சிக்கு ஒரே ஒரு கோடுதான், பஸ் எல்லாத் திசைக்கும் போகும். கண்டிக்கும் பேராதனைக்கும் போகிற பிள்ளைகளுக்கு பஸ்தான் சரி. ஏ-9 நேரே தம்புள்ள, மாத்தளை வழியாகக் கண்டிக்குப் போகிறது, கோச்சியில் போனால் பொல்காவலை வரை போய் மாறி ஏற வேண்டும். திருகோணமலைக்கு வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழி பஸ். கோச்சியில் அது பெரிய சுற்று. கட்டுநாயக்காவில் வெளிநாட்டு விமானம் பிடிக்கப் போகிறவர்களுக்கு, புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாகப் போகும் பஸ் விமான நிலையத்துக்குக் கிட்ட இறக்கிவிடும். கோச்சியில் போனால் ராகமையில் இறங்கி வேறு வாகனம் தேட வேண்டும். திடீரென்று மரணச் செய்தி வந்தால், பதிவு ஒன்றும் இல்லாமல் அன்றிரவே புறப்பட முடிவது பஸ்ஸில்தான். பல சொகுசு பஸ்கள் வெள்ளவத்தை வரை போகின்றன என்பதும் உங்கள் மாதிரி ஆட்களுக்குப் பெரிய வசதி.

நீங்கள் தனியே, கால் நல்லாயிருக்கிறவராக, ஒரு நாள் அலுவலுக்குப் போவதென்றால் நானே இரவு பஸ்ஸைத்தான் சொல்வேன். இரவு ஏறி, விடிய இறங்கி, அலுவலை முடித்து, அன்றிரவே திரும்பலாம், தங்குமிடச் செலவு இல்லை. அப்படிப் போகும்போது இரண்டு விடயம். சொகுசு பஸ்கள் யாழ்ப்பாணத்திலேயே நிரம்பி வருகின்றன, கிளிநொச்சியில் கை காட்டி ஏறலாம் என்று நிற்காமல் முதல் நாளே பதியுங்கள். இடையில் ஏறினாலும் பெரும்பாலும் முழுக் கட்டணம்தான். இருக்கையை இரண்டு சில்லுகளுக்கும் நடுவில் கேளுங்கள். கடைசி வரிசை தூக்கிப் போடும், முன் வரிசை விபத்தில் முதலில் அடிபடும் இடம். ஏ-9இல் இரவில் மாடுகள் வீதியிலேயே படுத்திருக்கும், சில இடங்களில் யானை கடக்கும். வேகமாக ஓட்டுகிற பஸ் ஐந்து மணிக்கே கொழும்பில் விடும் என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பஸ்ஸைத் தேடிப் போகாதீர்கள். நிதானமாக ஓட்டுகிறார்கள் என்று ஊரில் பெயர் எடுத்த பஸ் எது என்று கேட்டு அதில் ஏறுங்கள். முறிகண்டியில் நிற்பாட்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு போகிற அந்த ஐந்து பத்து நிமிடத்தைக்கூட சில சாரதிகள் இப்போது வீண் என்று நினைக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. நீண்ட தூரம் ஓட்டுகிறவர் இறங்கி முகம் கழுவ அதைவிட நல்ல இடம் எது?

நாலாவது வழி ஒன்றும் இருக்கிறது, நீங்கள் கேட்கவில்லை. வான் பிடிப்பது. இப்போதைக்கு மூன்று பேருக்கு அது கட்டுபடியாகாது. ஆனால் மருத்துவர் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்று சொல்லி, செய்து முடித்துத் திரும்பும் நாள் வந்தால், அன்றைக்கு வான்தான். காலை நீட்டிப் படுக்க வைத்து, விரும்பிய இடத்தில் நிறுத்தி, வீட்டு வாசலில் இறக்கலாம். அந்தக் காசை இப்போதே பிளேனில் செலவழித்துவிடாமல் அதற்காக வைத்திருங்கள்.

இன்னொன்று. கொழும்புக்குப் போகிறோம் என்று இரண்டு மூன்று அலுவல்களைச் சேர்த்துக் கட்டாதீர்கள். கடவுச்சீட்டுக்கு வவுனியாவிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது, யாழ்ப்பாணத்திலும் 2025 செப்ரெம்பரில் ஒன்று திறந்தார்கள். ஒருநாள் சேவையின் அவசரம் இல்லாவிட்டால் அக்காவுடைய கடவுச்சீட்டுக்காக அம்மாவைப் பத்தரமுல்லைத் தலைமை அலுவலகத்தில் காக்க வைக்கத் தேவையில்லை. மருத்துவரிடமும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: அடுத்த தடவை பார்ப்பதை யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலோ கிளிநொச்சியிலோ தொடர முடியுமா என்று. கேட்டால் பலர் கடிதம் தருவார்கள். கேட்காததால் மாதா மாதம் அலைகிற குடும்பங்களை நான் அறிவேன்.

கோச்சி ஓடாத நாளும் வரும். வேலைநிறுத்தம் என்று திடீரென அறிவிப்பார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாடெங்கும் தண்டவாளங்கள் பழுதாகின, வடக்குப் பாதையும் தப்பவில்லை. கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் போவதென்றால் முதல் நாள் கிளிநொச்சி ஸ்ரேசனுக்கு அழைத்து, வண்டி கொழும்பு வரை முழுதாக ஓடுகிறதா, இடையில் மாறி ஏற வேண்டுமா என்று கேளுங்கள். நேர அட்டவணை அடிக்கடி மாறுவதால்தான் நான் இங்கே மணியை எழுதவில்லை. இணையத்தில் இருக்கும் பழைய அட்டவணையைப் பார்த்துப் புறப்படாதீர்கள். ஓடாது என்று தெரிந்தால் அன்று பகல் பஸ்ஸில் போங்கள். ஒரு நாள் முன்னதாகப் போகச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்: தவறினாலும் உங்களுக்கு இன்னும் ஒரு இரவு கையில் இருக்கும். பகல் பஸ்ஸில் போக நேர்ந்தால் வவுனியாவிலும் அநுராதபுரத்திலும் அம்மாவை இறக்கி நடக்க வையுங்கள், கொண்டக்டரிடம் ஏறும்போதே நிலைமையைச் சொல்லுங்கள். எங்கள் ஆட்கள் தாய்மார் என்றால் நிற்பாட்டுவார்கள்.

அம்மாவின் மருந்து, எக்ஸ்ரே, பழைய கிளினிக் கொப்பி மூன்றையும் பெரிய பொதிக்குள் வைக்காமல் அக்காவுடைய கைப்பையில் வையுங்கள். இடியப்பமோ புட்டோ கட்டிக்கொண்டு போங்கள், வண்டிக்குள் விற்பதை வெறும் வயிற்றில் மருந்து குடிக்கிறவருக்குக் கொடுக்க வேண்டாம். வலிக்குளிசை கூட்டி எடுக்கலாமா என்பதைப் புறப்படும் முன் உங்கள் ஊர் மருத்துவரிடம் கேளுங்கள்.

திரும்பி வரும் ரிக்கெற்றை இப்போது பதிய வேண்டாம். மருத்துவர் ஸ்கான் எடுக்கச் சொல்லலாம், இரண்டு நாள் கழித்து வரச் சொல்லலாம். அவரைப் பார்த்து முடித்த அன்றே கோட்டையில் கேளுங்கள். வார நாள் என்றால் பெரும்பாலும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் வெள்ளவத்தையில் ஏறும் சொகுசு பஸ்ஸில், நடுவில் வழியோர இருக்கையாகப் பார்த்து எடுங்கள், அம்மா காலை நீட்ட அந்தப் பக்கம்தான் இடம் இருக்கும்.